ஊர் கூடுவதும் கலைவதும் யார் கையில்?

“முன்பெல்லாம் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். இப்போது பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. மக்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதானே? இதில் பொருளாதாரத்தையும் அரசாங்கத்தையும் ஏன் இழுக்க வேண்டும்?” இதுதான் கேள்வி.

மக்கள் மாறிவிட்டார்கள் என்ற பதில் எனக்கு ஒருநாளும் போதுமானதாகப் பட்டதில்லை. அதே தெரு, அதே குடும்பங்கள். இரண்டே ஆண்டுகளில் அடியோடு வேறு விதமாக நடந்துகொண்டதற்குச் சான்று இருக்கிறது. இரண்டு ஆண்டில் ஓர் ஊரின் குணம் மாறிவிடாது. மாறியது அவர்களுடைய பிழைப்பும், அவர்கள்மேல் விழுந்த விதிகளும். உதவித்தொகை யாருக்கு, எந்த நிபந்தனையில்? விடுமுறை எந்த நாளில்? எந்தச் சாலை வழியாக வண்டிகளைத் திருப்பிவிடுவது? இவற்றை முடிவு செய்கிறவர்கள் அண்டை வீட்டு உறவை மனத்தில் வைத்து எழுதுவதே இல்லை. ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் எனக்குத் துணையா, இடைஞ்சலா, ஆபத்தா என்பதைப் பெருமளவு அந்த விதிகள்தான் தீர்மானிக்கின்றன. பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது. சில ஊர்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே உள்ள மரியன்தால். ஒரேயொரு நெசவாலையை நம்பி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. வாசகசாலை, நாடகக் குழு, விளையாட்டுச் சங்கங்கள், பூங்கா என்று கலகலப்பாக இருந்த ஊர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் 1929-30இல் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1933இல் வெளிவந்தது. அப்போது ஊரின் முக்கால்வாசிக் குடும்பங்களில் ஒருவருக்குக்கூட நிலையான வேலை இல்லை.

வேலை இல்லை என்றால் நேரம் நிறைய இருக்கும், மக்கள் அதிகம் படிப்பார்கள், சங்கங்களில் கூடிப் பேசுவார்கள் என்றுதான் எவரும் எண்ணுவோம். நடந்தது நேர்மாறு. வாசகசாலைக்குக் கட்டணமே இல்லை என்று ஆக்கிய பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையில் மக்கள் எடுத்துச் சென்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பூங்காவைப் பராமரிக்க ஆள் பஞ்சமில்லை. ஆனாலும் புல் காடாக வளர்ந்தது, பாதைகளில் களை முளைத்தது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் மறைந்து நின்று, பிரதான வீதியில் நடப்பவர்களின் வேகத்தைக் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் வீதியைக் கடப்பதற்குள் இரண்டு முறையாவது நின்றுவிட்டார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். சமையலும் துணி துவைப்பும் பிள்ளைகளும் அவர்களுக்குக் காத்திருந்தன. ஆலைச் சங்குக்கு ஓடிய வாழ்வு சம்பளத்தை மட்டும் தரவில்லை. ஒரு நாளுக்கு வடிவத்தையும், பிறரைச் சந்திக்க ஒரு காரணத்தையும் தந்திருந்தது. வேலை போனபோது அவையும் சேர்ந்து போயின.

இதுவரை சொன்னது பொருளாதாரம். இனி வருவது அரசு எழுதிய விதி. கேட்டவர் இந்தப் பகுதியைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

வேலையற்றோருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அதைப் பெறுகிறவர் சிறு வேலை எதையும் செய்து எதையும் ஈட்டக் கூடாது. மரம் வெட்ட உதவி, கூலியாக விறகு வாங்கிக்கொண்ட ஒருவரின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பால் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற பெண்ணுக்கும் அதே கதி. இந்த விதி வந்த பிறகு, பக்கத்து வீட்டு முற்றத்தில் அடுக்கியிருக்கும் விறகு சாதாரண விறகு இல்லை. அது ஒரு தடயம். ‘இன்னார் ரகசியமாக வேலை செய்கிறார்’ என்று அதிகாரிகளுக்குப் போன புகார்கள் ஏறத்தாழ மும்மடங்காயின. அவற்றில் பெரும்பாலானவை விசாரித்தபோது ஆதாரமற்றவை என்று தெரிந்தது. முன்பு ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள் இவர்கள்.

அந்த விதியை எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அரசுப் பணம் வீணாகக் கூடாது என்ற நியாயமான அக்கறையில்தான் எழுதியிருப்பார். ஆனால் ‘இவ்வளவு வரை சிறு வருமானம் இருக்கலாம்’ என்று ஒரு வரம்பு வைத்திருந்தால் விறகு விறகாகவே இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கண் அதன்மேல் விழுந்திருக்காது. இன்றும் பல நாடுகளில், வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு சேர்ந்து வாழ்கிறார்கள், மாதம் எவ்வளவு வருமானம் என்று நுணுக்கமாகச் சோதித்து உதவி தரும் திட்டங்கள் இருக்கின்றன. சோதனை நுணுக்கமாக ஆக ஆக, அக்கம்பக்கத்தாரிடம் மறைக்க வேண்டியவை கூடுகின்றன. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் திட்டத்துக்குச் செலவு அதிகம் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் குறிவைத்துத் தரும் திட்டத்தின் செலவைக் கணக்கிடும்போது, அக்கம்பக்கத்தில் விளையும் சந்தேகத்தை யாரும் எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை.

அடுத்தது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. கடற்கரையோரம் சிறு சிறு மீனவக் குடியிருப்புகள், பலவற்றுக்குச் சாலையே கிடையாது. 1949இல் கனடாவோடு இணைந்த பிறகு, இத்தனை குக்கிராமங்களுக்கும் பள்ளி, மருத்துவர், மின்சாரம் கொடுப்பது கட்டுப்படியாகாது என்று மாகாண அரசு கருதியது. 1954இல் இடம்பெயர்வுத் திட்டம் தொடங்கியது. கிராமத்தார் அனைவரும் சம்மதித்தால் மட்டுமே பணம். 1965இல் மத்திய அரசும் சேர்ந்துகொண்டது. சம்மத அளவு 90 விழுக்காடு ஆனது, பின்னர் 80 ஆகக் குறைந்தது. 1975க்குள் ஏறத்தாழ 300 குடியிருப்புகளிலிருந்து 30,000 பேர் வெளியேறினார்கள். சிலர் வீட்டையே பெயர்த்துக் கடலில் மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துக்கொண்டு போனார்கள். கல்லறைகளும் தேவாலயங்களும் அங்கேயே நின்றன.

100, 90, 80 என்ற அந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘அனைவரும் சம்மதிக்க வேண்டும்’ என்பது கேட்பதற்கு மக்களாட்சியின் உச்சம்போல இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? போக விரும்பும் ஒவ்வொருவருக்கும், போக விரும்பாத ஒவ்வொருவரும் தடைக்கல். ஊரில் பிறந்து ஊரிலேயே சாக நினைக்கும் ஒரு முதியவரின் ‘மாட்டேன்’ இன்னொருவரின் பிள்ளைகளுடைய படிப்பைத் தடுக்கிறது. அளவைக் குறைத்தாலும் தப்ப வழியில்லை. அப்போது போக விரும்பாதவர்கள் தனித்துவிடப்படுவோமோ என்ற பயத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஆசிரியரும் பாதிரியாரும் போய்விட்டால் மீதிப் பேர் அங்கே எப்படி இருப்பது? இரண்டு வழியிலும் ஊர் இரண்டு படுகிறது. அரசு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தும் வேலையை ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டது.

இது பழங்கதை இல்லை. அதே மாகாணத்தில் லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற தீவுக் கிராமம் 2015இல் இடம்பெயர்வுக்கு வாக்களித்தது. தேவை 90 விழுக்காடு. கிடைத்தது 89.47. ஒரே ஒரு வாக்கு போதாமல் போயிற்று. ஒரு குடும்பத்துக்கு 2,50,000 டாலருக்குக் குறையாத தொகை அந்த ஒரு வாக்கில் தொங்கியது. சில டஜன் குடும்பங்களே உள்ள தீவில் ‘மாட்டேன்’ என்றவர்கள் யார் என்று எல்லோரும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். அதன் பிறகு அவர்கள் எப்படி ஒரே கடையில், ஒரே படகில் முகம் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். 2019இல் மீண்டும் வாக்கெடுப்பு, இம்முறை ஒருமனதாக. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி மின்சாரம் துண்டிக்கப்பட்டது, படகுச் சேவை நின்றது. ஒரு தம்பதி மட்டும் தாங்களே மின்சாரம் ஏற்பாடு செய்துகொண்டு தீவில் தங்கினார்கள்.

இந்தக் கிராமங்களின் பிழைப்பை முறித்தது மீன் வளத்தின் வீழ்ச்சி. அதிலும் அரசின் கை இருக்கிறது. பெரும் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு பிடிக்கலாம் என்று அனுமதி அளந்து கொடுத்தது அரசு. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1992 ஜூலை 2ஆம் தேதி காட் என்ற கடல்மீனைப் பிடிக்கவே தடை. ஏறத்தாழ 30,000 பேர் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். ‘சிறு கிராமங்கள் பொருளாதார ரீதியில் நிற்க முடியாதவை’ என்று பேசும்போது, அவற்றை நிற்க முடியாதவையாக ஆக்கியது எது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பணமும் மீனும் மட்டுமில்லை, நேரமும் கொள்கைதான். சோவியத் ஒன்றியம் 1929இல் ஒரு புதிய வாரத்தைக் கொண்டுவந்தது. இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான விடுமுறை கிடையாது. ஐந்து நாள் கொண்ட சுழற்சியில் தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், ஒரு விடுமுறை நாள் என்று வைத்தார்கள். கணக்குப்படி ஓய்வு கூடியது: ஏழு நாளில் ஒன்று என்பது ஐந்து நாளில் ஒன்றாயிற்று. ஆனால் கணவர் மஞ்சள் என்றால் மனைவி பச்சை, நண்பர் சிவப்பு. மனைவி ஆலையில், பிள்ளைகள் பள்ளியில், வந்து பார்க்கவும் ஆளில்லை. வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் விடுமுறை எதற்கு என்று தொழிலாளர்கள் குமுறினார்கள். 1931இல் பொது ஓய்வு நாள் திரும்பி வந்தது. 1940இல் ஏழு நாள் வாரமே மீண்டது.

ஓய்வு தனி, சேர்ந்து ஓய்ந்திருப்பது தனி. இந்த வேறுபாட்டை ஜெர்மனியின் அரசியல் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு 1919இல் தரப்பட்ட பாதுகாப்பு அதில் இன்றும் தொடர்கிறது. பெர்லின் நகரம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க அனுமதித்தபோது, உச்ச அரசியல் சட்ட நீதிமன்றம் 2009இல் அதை ஏற்கவில்லை. செயலி வழியாக வேலை செய்கிறவர்களும், நாளை எந்த ஷிப்ட் என்று இன்றிரவுதான் தெரியவரும் கடைப் பணியாளர்களும் இன்று அந்த ஐந்து நிற வாரத்தில்தான் வாழ்கிறார்கள். நிறம் மட்டும் தெரிவதில்லை. ‘வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன்’ என்று சொல்ல முடியாதவர் எந்தச் சங்கத்தில் பொறுப்பேற்பார்? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2017 முதல், பெரிய கடைகளும் உணவகங்களும் பணி நேரத்தை 14 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. தொழிலாளர் சட்டம் என்றுதான் அதற்குப் பெயர். நான் அதைச் சமூக வாழ்வுக்கான சட்டம் என்றே பார்க்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு அறிஞர், ஒன்றுபோலவே இருக்கும் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளொன்றுக்கு 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 அறிமுகமானவர்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகம். ‘உங்கள் வீட்டு எல்லை எது’ என்று கேட்டபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வரைந்து காட்டினார்கள். கடைசித் தெருவில் இருந்தவர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிட்ட பொறியாளர் யாருடைய நட்பையும் முறிக்க நினைக்கவில்லை. அவருடைய வரைபடத்தில் நட்புக்குக் குறியீடு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூர் அரசு அண்டை வீட்டு உறவை வெளிப்படையாகவே வடிவமைக்கிறது. பொதுக் குடியிருப்புகளில் ஒரு கட்டடத்தில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று 1989இல் வரம்பு வைத்தார்கள். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிவதை அது தடுத்திருக்கிறது. ஆனால் பெரும்பான்மையினரான சீனர்களின் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் தம் வீட்டைச் சீனர்களுக்கு விற்க முடிவதில்லை. வாங்குவோர் குறைவு, அதனால் விலையும் குறைகிறது. பொதுநன்மைக்கான விலையை ஒரு சாரார் மட்டும் கொடுக்கும்படி வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. கலந்து வாழச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை.

ஜப்பானின் யூபாரி நகரத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நிலக்கரிச் சுரங்க நகரம். 1960 வாக்கில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நாடு நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. சுற்றுலா நகரமாக மாறிவிடலாம் என்று நகராட்சி கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்காவும் பனிச்சறுக்கு விடுதிகளும் நடத்திப் பார்த்தது. 2007இல் நகராட்சியே திவாலாகி, சுமார் 3,500 கோடி யென் கடனை அடைக்கும் சிக்கனத் திட்டத்துக்குள் போனது. 171 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 19 படுக்கைகளோடு சுருங்கியது. நூலகம் மூடப்பட்டது. தொடக்கப் பள்ளிகள் எல்லாம் ஒன்றாயின, நடுநிலைப் பள்ளிகளும் ஒன்றாயின. வரியும் கட்டணமும் ஏறின. இளையவர்கள் போய்விட்டார்கள்; இன்று மக்கள்தொகை 8,000க்கும் கீழே.

கணக்காளரின் பார்வையில் பல பள்ளிகளை ஒன்றாக்குவது சிக்கனம். ஆனால் பள்ளி என்பது பிள்ளைகள் படிக்கும் இடம் மட்டுமா? இளம் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அதன் வாசலில்தான். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அங்கே, பேரிடர் வந்தால் தங்குமிடம் அங்கே, மாலையில் விளையாட்டு அங்கே. ஒரு கட்டடத்தை மூடும்போது இத்தனையும் மூடுகின்றன, பட்ஜெட்டில் ஒரு செலவுக் கணக்கு மட்டும் குறைகிறது. நாட்டின் எரிசக்திக் கொள்கையால் எல்லோரும் பயனடைந்தார்கள், அதற்கான கடனை யூபாரியின் முதியவர்கள் கட்டுகிறார்கள். நகராட்சி தவறே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கடனைப் பல ஆண்டுகள் கணக்கில் மறைத்தார்கள். ஆனால் சுரங்கத்தை மூடும் முடிவு அவர்களுடையது அல்ல.

அப்படியானால் மக்கள் வெறும் பொம்மைகளா என்று கேட்பீர்கள். இல்லை. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தன் சொந்தத் தீவனத்தால் தீனி போட முடியுமோ, அதற்கு மேல் ஒருவரும் பொது மேய்ச்சல் நிலத்துக்கு மாடு அனுப்பக் கூடாது. எளிய விதி, எண்ணிப் பார்த்தாலே மீறல் தெரிந்துவிடும், எழுதியவர்களும் மேய்ப்பவர்களும் ஒரே ஆட்கள். அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகள் கடந்து நின்றது. இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஊர் தானே விதி செய்யும் உரிமையை மேலே இருக்கும் அரசு மதிக்க வேண்டும் என்பது அவர் கண்ட நிபந்தனைகளில் ஒன்று.

அதை மதிக்காதபோது என்ன ஆகும் என்பதை நேபாளம் காட்டியது. 1957இல் தனியார் காடுகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதுவரை ‘நம் காடு’ என்று காத்துவந்த பல கிராமங்களுக்கு அது ‘அரசுக் காடு’ ஆகிவிட்டது. காவல் காக்க அரசிடம் ஆளில்லை, காக்க மக்களுக்குக் காரணம் இல்லை, காடு அழிந்தது. 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் பயனாளர் குழுக்களிடம் பொறுப்பையும் வருமானத்தையும் சேர்த்துக் கொடுத்தது. இன்று 20,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன, காடும் திரும்பியிருக்கிறது. இளைஞர்கள் வெளிநாடு போனதால் விளைநிலங்கள் தரிசாகி மரம் வளர்ந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அதே கிராமத்தார் 1957க்குப் பின் ஒருவிதமாகவும் 1993க்குப் பின் வேறுவிதமாகவும் நடந்துகொண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஒற்றுமை இல்லாத மக்கள் என்று அவர்களை இடைக்காலத்தில் எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்!

ஆகவே உங்கள் கேள்வியை நான் சற்றுத் திருப்பிப் போடுவேன். பக்கத்து வீட்டாரோடு பழக உங்களுக்கு நேரம் ஒத்துப்போகிறதா? நிற்க இடம் இருக்கிறதா? சேர்ந்து முடிவு செய்ய எதுவாவது உங்கள் கையில் விடப்பட்டிருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், யாருடைய குணத்தையும் குறை சொல்வதற்கு முன், அந்த ‘இல்லை’ எந்த ஆணையில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது பெரிய சட்டத்தில் இருக்காது. தகுதி விதிமுறையின் துணைப்பிரிவில், பஸ் கால அட்டவணையில், பள்ளி இணைப்புச் சுற்றறிக்கையில் இருக்கும்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல், முதலீட்டுச் செலவில் எது முதலில் என்பதை வட்டாரக் கூட்டங்களில் மக்களே முடிவு செய்யும் முறையைத் தொடங்கியது. சாக்கடையா, சாலையா என்று ஏழைக் குடியிருப்புகளில் வாதிட்டு வாக்களித்தார்கள். கூட்டத்தில் முடிவாவது உண்மையில் நடக்கிறது என்று தெரிந்ததால் ஆட்கள் வந்தார்கள். பின்னால் வந்த நிர்வாகங்கள் முடிவுகளை நிறைவேற்றுவதில் அக்கறை காட்டாதபோது அந்த முறை தளர்ந்துபோனது. அழைப்பிதழ் அச்சடிப்பதால் ஊர் கூடாது. உங்கள் பகுதியில் ஒரு பள்ளியை மூடவோ, பஸ்ஸை நிறுத்தவோ, உதவித்தொகை விதியை மாற்றவோ வரைவு வெளியானால், கருத்துச் சொல்லக் கொடுத்திருக்கும் நாட்களுக்குள் மூன்று பேராவது சேர்ந்து போய், ‘இதனால் யார் யாரைச் சந்திப்பது நின்றுபோகும், யார் யாரைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். மரியன்தாலில் விறகு வாங்கியவருக்காக அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.